டிக்கெட் எடுக்காதவர்களுக்கும் பெஞ்சு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். மொரப்பூர் - தருமபுரி ரயில் பாதை பற்றிப் பேப்பரில் வருவதெல்லாம் நிலம் எடுப்பதும் நிதி ஒதுக்குவதும்தான். ரயிலுக்குக் காத்திருக்கிற ஜனங்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

தருமபுரியில் ஸ்டேஷன் இருந்தாலும் அது சேலம் - பெங்களூரு பாதை. சென்னை ரயிலைப் பிடிக்கத் தருமபுரிக்காரர்களும் அரூர்க்காரர்களும் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸுக்கு, பஸ்ஸை நம்ப முடியாது என்று பொழுதோடே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தர் ஏறுவதற்கு நாலு பேர் வழியனுப்ப வருவார்கள். வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? புளி என்ன விலைக்குப் போகிறது, யார் வீட்டு போர்வெல்லில் தண்ணீர் வந்தது, எல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

போன வருஷம் அரூர் பக்கத்து அம்மா ஒருவர், பையனைச் சென்னை வேலைக்கு அனுப்ப வந்திருந்தார். பக்கத்தில் கடத்தூர்க் குடும்பம். எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தவர்கள் அவருக்கும் கொஞ்சம் நீட்டினார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் போனில் பெண்ணின் போட்டோவைக் காட்டியாகிவிட்டது. தை மாதம் கல்யாணம். ஜாக்கெட் தைத்தது நான்தான். கூலியில் பாதி இன்னும் வரவில்லை, அது வேறு விஷயம்.

புதுப் பாதை என்கிறார்கள். ஆனால் 1906-லேயே இங்கிருந்து தருமபுரிக்கு, தண்டவாளங்களுக்கு நடுவே அகலம் குறைந்த நேரோ கேஜ் பாதையில் சின்ன ரயில் ஓடியது. 1913-ல் அது ஓசூர் வரை போனது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இப்போதைய பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 36 கிலோமீட்டர்தான்.

அது வந்துவிட்டால் இங்கே யாரும் காத்திருக்க மாட்டார்கள், டீக்கடைக்கு வியாபாரம் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தருமபுரியிலிருந்து ரயிலில் வந்தாலும் சென்னைக்கு இங்கேதானே மாறி ஏற வேண்டும்? கூட்டம் கூடத்தான் செய்யும்.

ஆகவே அதிகாரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்டேஷனுக்குப் புது வேலை எது செய்தாலும் பிளாட்பாரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பிளாட்பார டிக்கெட் பத்து ரூபாய். நாலு பேருக்கு நாற்பது ரூபாய் கொடுத்து உள்ளே போக எல்லாராலும் முடியாது. முன்வாசலுக்கு வெளியே நிழலுக்கு இரண்டு புங்கமரம், சாய்ந்து உட்கார சிமெண்ட் பெஞ்சு, குடிதண்ணீர்க் குழாய், ராத்திரியிலும் பூட்டாத பெண்கள் கழிப்பறை, நல்ல விளக்கு. இவ்வளவு செய்தால் போதும். டீக்கடையை யாரும் திட்டத்தில் சேர்க்க வேண்டியதில்லை, அது தானாக வந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மொரப்பூர், தருமபுரி மாவட்டம்.