பாகற்சாறும் மாத்திரையும் ஒரே வயிற்றில்

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் கைகண்ட மூலிகைகள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாகற்காய், வெந்தயம், சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை, ஆவாரம்பூ என்று எதையும் விட்டுவைக்கவில்லை. நான் 11 வருடமாகச் சர்க்கரையோடு குடித்தனம் நடத்துகிறவன். அந்தப் பட்டியலில் பாதியை விழுங்கியும் பார்த்தவன். கட்டுரையோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ‘இயற்கையானது என்பதால் பக்கவிளைவுக்கு இடமே இல்லை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியோடுதான் வழக்கு.

மூன்று வருடத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு சேர்ந்த சர்க்கரை மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டிருந்த நேரம். யாரோ சொன்னார்கள் என்று வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறும் குடிக்க ஆரம்பித்தேன். சோதித்துப் பார்க்கப் பார்க்க எண் இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உற்சாகத்தில் காலைச் சாப்பாட்டையும் பாதியாக்கிவிட்டேன். ஒன்பதாம் நாள், வெளியே கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. விரல் ஒரு பக்கம் போகிறது, பொத்தான் ஒரு பக்கம் போகிறது. முதுகெல்லாம் வேர்வை, காதில் ஒரு இரைச்சல். குளுக்கோமீட்டரில் பட்டையைச் செருகவே மூன்று தடவை ஆனது. 52 என்று காட்டியது. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. வீட்டில் கரைத்துக் கொடுத்த சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கால்மணி நேரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. அதன்மேல் அரைப்பட்டினி, அதன்மேல் சாறு. என்னைக் கவிழ்த்ததில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மூன்றும் ஒரே திசையில் இழுத்தன, அவ்வளவுதான். மருத்துவர் கேட்டார்: “சாறு குடிக்கிறதா நீங்க சொல்லவே இல்லையே?” நான் சொன்னேன்: “காய்தானே டாக்டர், அதையும் சொல்லணுமா?” என்னைப் போல நினைக்கிறவர்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

மூலிகை ஒரு கட்சி, மாத்திரை எதிர்க்கட்சி என்று கட்டுரையாளர் பிரித்திருப்பதும் சரியில்லை. மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஒரு செடிதான். கலேகா அஃபிசினாலிஸ் என்ற அந்தச் செடியை ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் வெகுகாலம் பயன்படுத்தினார்கள். அதில் குவானிடின் வகைச் சத்து உண்டு. குவானிடின் சர்க்கரையைக் குறைக்கும் என்பது 1918இல் முயல்களில் தெரியவந்தது; ஆனால் அதில் நச்சும் இருந்தது. அதே வகையைச் சேர்ந்த மெட்ஃபார்மினை 1922இல் டப்ளினில் தயாரித்தார்கள். அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவை வெளியிட்டவர் பிரான்சின் ஜான் ஸ்டெர்ன், 1957இல். அமெரிக்கா அனுமதித்தது 1994இல்தான். அந்தச் செடியையே மேய்ந்த ஆடுகள் செத்திருக்கின்றன. செடியின் குணத்தை வைத்துக்கொண்டு நஞ்சைக் குறைக்க அத்தனை வருடம் பிடித்திருக்கிறது என்றால், ‘இயற்கை, ஆகவே பயமில்லை’ என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்று ஒரு பெயர் உண்டு. அதன் இலையை நான் மென்று பார்த்திருக்கிறேன். நல்ல கசப்பு. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் போட்டால் மணலை மெல்வது மாதிரி இருக்கும். நறநறவென்று கரையும், இனிப்பு மட்டும் வராது. இலையில் உள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணர்விகளை மறைத்துக்கொள்வதால் வரும் வித்தை இது. அரைமணி நேரம் போல நிற்கும். இனிப்பு ஆசையை அடக்க உதவும், மறுக்கவில்லை. நாக்கில் செத்த சர்க்கரை ரத்தத்திலும் செத்துவிட்டது என்று நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களைத்தான் நினைத்துப் பயப்படுகிறேன்.

இளைப்பதற்கான மூலிகைகளில் இன்னும் கவனம் வேண்டும். குடம்புளியிலிருந்து எடுக்கும் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலத்தை 135 பேரிடம் 12 வாரம் சோதித்து 1998இல் வெளியிட்டார்கள். வெற்று மாத்திரை தின்றவர்களைவிட இவர்கள் கூடுதலாக இளைக்கவில்லை. அதாவது பரவாயில்லை, காசோடு போயிற்று. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் நடந்தது வேறு கதை. அங்கே ஒரு இளைப்பு மருத்துவமனை கொடுத்த மூலிகைக் கலவையில் ஒரு செடிக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா என்ற இன்னொரு செடி கலந்துவிட்டது. பல பெண்களுக்குச் சிறுநீரகமே போனது. பொடியாக்கிவிட்டால் எது எந்தச் செடி என்று கண்ணால் சொல்ல முடியாது.

வெந்தயத்தைப் பற்றிக் கட்டுரை நான்கே வரியில் முடித்துவிட்டது. அங்குதான் விரித்து எழுதியிருக்க வேண்டும். ஊறவைத்தால் வழவழவென்று வருகிறதே, அது கேலக்டோமன்னன் என்ற கரையும் நார். குடலில் கூழாகி, மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்துகிறது. நாரின் இந்த வேலை வெந்தயத்துக்கு மட்டும் சொந்தமில்லை. பயறு, கீரை, தோலோடு தின்னும் பழம் எல்லாம் அந்த இனம்தான். அதே பழத்தை வடிகட்டிச் சாறாக்கினால் நார் சக்கையோடு போய்விடும். முழுத் தானியத்தையும் நைசாக அரைத்துக் குழைத்துக் குடித்தால் எண் சட்டென்று ஏறும். என் மீட்டரில் நானே பார்த்தது.

எடைதான் முக்கியம் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. பிரிட்டனில் 2017இல் வெளிவந்த ‘டைரக்ட்’ என்ற பெயருள்ள ஆய்வில், நோய் வந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகாதவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை தினம் 825 முதல் 853 கலோரி மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ இளைத்தவர்களில் அது 86 சதவீதம். இரண்டாம் வருடம் மொத்தக் கணக்கு 36ஆக இறங்கியது. எடை திரும்ப ஏறினால் சர்க்கரையும் திரும்பும். இதைப் படித்துவிட்டு யாரும் நாளையே பட்டினி கிடக்க வேண்டாம். அவர்களுக்கு மாத்திரையை நிறுத்தியதும் கண்காணித்ததும் மருத்துவக் குழு.

‘ஒரே வாரத்தில் குறையும்’ என்ற வாக்குறுதியும் கட்டுரையில் இருக்கிறது. வெறும் வயிற்று எண் ஒரு இரவுச் சாப்பாட்டில் மாறும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனையில் என்ன வந்தது என்று எழுதினால் பேசலாம்.

பாகற்காயை நான் விடவில்லை. சாறாக வேண்டாம் என்று காயாகவே சமைத்துச் சாப்பிடுகிறேன், மருத்துவருக்கும் தெரியும். கிளிமிபிரைடு பாதியாகக் குறைந்திருக்கிறது, இளைத்த ஏழு கிலோவின் புண்ணியம்.

அடுத்த முறை மூலிகைக் குறிப்பு போடும்போது செடியின் எந்தப் பாகம், எவ்வளவு, எந்த மாத்திரை போடுகிறவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதையும் அச்சிடுங்கள். ‘தினமும் அருந்தி வரவும்’ என்று போட்டிருக்கிறீர்களே, கரண்டியாலா, டம்ளராலா?

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்