தூபமும் திறந்த வாசலும்: லண்டன் சேகரம் ஒன்றிலிருந்து ஒரு மறுப்பு

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த, இங்கிலாந்துத் திருச்சபையின் இன்றைய நிலை குறித்த கட்டுரையைப் படித்தேன். ஆலயங்கள் மூடப்படுவதையும், சில ஆலயக் கட்டடங்கள் குடியிருப்புகளாக மாறியிருப்பதையும் கட்டுரையாளர் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார், அதில் பிழையில்லை. அதற்கு அவர் காட்டும் காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பழைய வழிபாட்டு மரபுகளைக் கைகழுவியது, பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது, தன்பால் ஈர்ப்புடையோரை அரவணைத்தது ஆகிய மூன்றும் ஒரே சரிவின் படிகள் என்பது அவர் வாதம். திருநெல்வேலிச் சீமையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்று, பிழைப்புக்காக லண்டன் வந்து, நகரின் கிழக்கே ஆங்கிலோ-கத்தோலிக்க மரபில் நிற்கும் ஒரு சேகரத்தில், அதாவது ஓர் ஆலயத்தின் பொறுப்பிலுள்ள சபையில், பல ஆண்டுகளாக அங்கத்தினனாக இருக்கிறேன். நான் இங்கே காண்பது வேறு. வழிபாட்டு முறைகளில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்காத இந்தச் சபைதான் வாசலையும் அகலத் திறந்து வைத்திருக்கிறது.

ஆங்கிலோ-கத்தோலிக்கர் என்றதும் ரோமாபுரியின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள் என்று நம் ஊரில் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்களே. ரோமாபுரியிலிருந்து பிரிந்த பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் தங்கள் சபை அப்போஸ்தலர் காலத்திலிருந்து அறுபடாமல் வரும் பொதுச் சபையின் பகுதி என்று விசுவாசிக்கிறவர்கள். 1833 ஜூலை 14 அன்று ஆக்ஸ்போர்டில் ஜான் கீபிள் ஆற்றிய பிரசங்கத்தை இந்த மரபின் மறுமலர்ச்சிக்குத் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். எங்கள் ஆலயத்தில் ஞாயிறு காலைத் திருப்பலி தூபம் இல்லாமல் நடப்பதில்லை. பிப்ரவரி 2 அன்று மெழுகுவர்த்திகளை மந்திரித்துப் பவனி வருகிறோம். பெரிய வியாழன் இரவு பாதம் கழுவுதல் முடிந்ததும் பீடத்தின் விரிப்புகளை எல்லாம் களைந்துவிட்டு நடுநிசி வரை விழித்திருக்கிறோம். கோடைத் தொடக்கத்தில் நற்கருணைப் பவனி தெருவிலேயே நடக்கிறது. நார்ஃபோக் மாவட்டத்து வால்சிங்கம் மாதா திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் ஒரு பேருந்து நிறைய யாத்திரை போகிறோம். இவற்றை எல்லாம் கைவிட்ட சபை என்று எங்களை யாரும் சொல்ல முடியாது.

இனி, இவற்றைச் செய்பவர்கள் யார் என்று பாருங்கள். பீடத்தில் நின்று அப்பத்தை உயர்த்துபவர் ஒரு பெண் குருவானவர். சென்ற நற்கருணைப் பவனியில் சிலுவையை ஏந்தி முன்னே நடந்தவர் ஒரு திருநங்கை. அவருக்குப் பின்னால் சாம்பிராணிப் பேழையைப் பிடித்துக்கொண்டு வந்தது, தன் அளவுக்குச் சற்றுப் பெரிதான வெள்ளை அங்கியின் ஓரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி நடந்த, நைஜீரியக் குடும்பத்துச் சிறுமி. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களில் சிலர் கைபேசியில் படம் எடுத்தார்கள், ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றினார், எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர் எந்த அவசரமும் காட்டாமல் பவனி கடக்கும் வரை வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், தம் ஆண் துணைவரோடு நெடுங்காலமாக வாழ்ந்து வருபவர். அவர் துணைவரிடம்தான் ஆலய மண்டபத்துச் சமையலறையின் சாவி இருக்கிறது. பண்டிகை நாட்களில் திருப்பலி முடிந்ததும் அங்கே எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பது, நம் ஊர் ஆலய விருந்தான அசனத்தில் ஊரே ஒரு பந்தியில் உட்காருவதைப் போலவே எனக்குத் தோன்றும். வீடற்று ஆலயப் படிக்கட்டில் இரவைக் கழித்தவரும் நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞரும் அந்த மேசையில் அடுத்தடுத்து உட்காருகிறார்கள்.

பழைய வழிபாட்டு மரபும் திறந்த வாசலும் ஒன்றாக இருப்பது புதிதாக வந்த நாகரிகம் என்று கட்டுரையாளர் கருதக்கூடும். இதே கிழக்கு லண்டனின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. சார்லஸ் லவுடர் என்ற குருவானவர் 1856-இல் இங்குள்ள கப்பல் துறைப் பகுதிக்கு ஊழியம் செய்ய வந்தபோது, இது லண்டனிலேயே மிக ஏழ்மையான இடங்களில் ஒன்று. அவரும் உடனிருந்தவர்களும் பீடத்தில் விளக்கேற்றி, பூசை உடை அணிந்து ஆராதனை நடத்தினார்கள் என்பதற்காக 1859-60-இல் செயின்ட் ஜார்ஜ் இன் தி ஈஸ்ட் ஆலயத்துக்குள் ஞாயிறுதோறும் கும்பல் புகுந்தது. ஆராதனை நடுவே கூச்சலிட்டார்கள், நாய்களை உள்ளே விரட்டிவிட்டார்கள், சில வாரங்கள் ஆலயத்தையே பூட்டி வைக்கும்படி ஆயிற்று. லவுடர் கட்டிய செயின்ட் பீட்டர் ஆலயம் 1866 கோடையில் பிரதிஷ்டை ஆன கையோடு காலரா வந்தது. ஓட வசதியுள்ளவர்கள் ஓடியபோது அவர் வீடு வீடாகப் போனார். நோயுற்ற குழந்தைகளைத் தாமே கையில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தார். அதற்குப் பிறகு அந்தத் தெருக்களில் அவருடைய தூபத்துக்கும் மெழுகுவர்த்திக்கும் இருந்த எதிர்ப்பு பெரிதும் தணிந்தது. அழகான ஒரு பொருளைத் தம் வீட்டில் காணாத ஏழைகளுக்கு, இருப்பதிலேயே அழகான ஆராதனையைத் தர வேண்டும் என்பது அந்தக் குருக்களின் உறுதி. அலங்காரம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மரபை மீறுகிறார்கள் என்ற குற்றச்சாட்டையும் அன்று இவர்களே சுமந்தார்கள். 1874-இல் நாடாளுமன்றம் இயற்றிய பொது வழிபாட்டு ஒழுங்குச் சட்டம் இவர்களை அடக்குவதற்கென்றே வந்தது. தென்கிழக்கு லண்டனின் ஹாட்சம் சேகரத்துக் குரு ஆர்தர் டூத் 1877 ஜனவரியில் சிறைக்குப் போனார். மான்செஸ்டர் மைல்ஸ் பிளாட்டிங்கின் சிட்னி ஃபேத்தார்ன் கிரீன் 1881-இல் பிடிக்கப்பட்டு ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக லங்காஸ்டர் கோட்டையில் அடைபட்டுக் கிடந்தார். இப்படிச் சிறை கண்டவர்கள் 5 பேர். இன்று தொன்மையான மரபு என்று கட்டுரையாளர் போற்றும் பீட விளக்கும் பூசை உடையும், அன்று நீதிமன்றத்தில் குற்றமாக எழுதப்பட்டவை.

1923-இல் லண்டனில் கூடிய ஆங்கிலோ-கத்தோலிக்க மாநாட்டில் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவுக்கு பிஷப்பாக இருந்த ஃபிராங்க் வெஸ்டன் பேசிய பேச்சை எங்கள் சேகரங்களில் இன்றும் நினைவுகூருகிறார்கள். சேரியில் இருக்கும் இயேசுவுக்கு இரங்காதவர், நற்கருணைப் பேழையில் இருக்கும் இயேசுவை ஆராதிப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே பேசில் ஜெலிக்கோ என்ற இளம் குரு, லண்டன் சாமர்ஸ் டவுனின் மூட்டைப்பூச்சி மொய்த்த ஒண்டுக்குடித்தன வீடுகளை வாங்கி இடித்துப் புதுக் குடியிருப்புகள் கட்ட ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இடிக்கும் நாளில் மூட்டைப்பூச்சி, எலி ஆகியவற்றின் பெரிய உருவங்களைச் செய்து தெருவில் கொளுத்தினார்கள். 1935-இல் 36 வயதிலேயே அவர் மறைந்தார். இவர்கள் எல்லாம் இன்று இருந்தால் பெண் குருத்துவத்தையும் ஒருபால் இணையரையும் ஏற்றிருப்பார்கள் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். வெஸ்டன் பல காரியங்களில் மிகக் கண்டிப்பானவர். ஆனால் ஆராதனையின் மகிமையும் ஒதுக்கப்பட்டவர் மேல் உள்ள கரிசனையும் பிரிக்க முடியாதவை என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இவர்களே. ஒதுக்கப்பட்டவர் யார் என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் தன் தெருவைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆங்கிலோ-கத்தோலிக்கர் எல்லோரும் எங்களோடு ஒத்துப்போகிறவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1992 நவம்பர் 11 அன்று இங்கிலாந்துத் திருச்சபையின் ஆட்சி மன்றமான பொதுப் பேரவை பெண்களுக்குக் குருப்பட்டம் தர வாக்களித்தபோது மிகக் கடுமையாக எதிர்த்தவர்களில் பெரும்பகுதியினர் இந்த மரபினரே. சிலர் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபைக்கே போய்விட்டார்கள். 1994 மார்ச் 12 அன்று பிரிஸ்டல் பேராலயத்தில் முதன்முதலாக 32 பெண்கள் குருப்பட்டம் பெற்றார்கள். பெண்களின் ஊழியத்தை மனச்சாட்சியின்படி ஏற்க இயலாத சேகரங்கள் ஆண் குருவையும் தனி பிஷப்பின் கவனிப்பையும் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றிக்கொள்ள திருச்சபை 2014-இல் செய்த ஏற்பாடும் இடம் தருகிறது. அப்படிப்பட்ட ஒரு சேகரம் எங்களுக்கு நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அங்குள்ளவர்களும் பசித்தவருக்குச் சோறு போடுகிறவர்கள். அவர்களை நான் பழிக்கவில்லை. ஆனால் இந்த மரபுக்குள்ளேயே 1990-இல் அஃபர்மிங் கத்தோலிசிசம் என்ற இயக்கமும், 2003-இல் பல மரபினரையும் சேர்த்துக்கொண்டு இன்க்ளூசிவ் சர்ச் என்ற கூட்டமைப்பும் தோன்றின. இனம், பாலினம், பாலீர்ப்பு, உடற்குறை, மனநலம், வறுமை எதன் பேரிலும் ஒருவரைத் தள்ளுவதில்லை என்று பின்னதில் சேரும் சேகரங்கள் வெளிப்படையாக அறிக்கையிடுகின்றன. எங்கள் சேகர மன்றம் இந்தக் கூட்டமைப்பில் சேரும் தீர்மானத்தை நீண்ட விவாதத்துக்குப் பிறகே நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த மூதாட்டி ஒருவர் இன்றும் அதே பெஞ்சில் உட்காருகிறார், பீடத்துக்கு அவரே பூ வைக்கிறார்.

கட்டுரையில் உள்ள ஒரு தகவல் பிழையைத் திருத்த வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்களில் ஒருபால் திருமணம் நடக்கிறது என்று எழுதியிருக்கிறார். நடப்பதில்லை. நாட்டின் சட்டப்படி 2014 மார்ச் முதல் அத்தகைய திருமணம் செல்லும். ஆனால் அதே சட்டம் இங்கிலாந்துத் திருச்சபைக்கு விலக்கு வைத்திருக்கிறது. 2023 டிசம்பர் முதல் அனுமதிக்கப்பட்டிருப்பது, வழக்கமான ஆராதனைக்குள் ஒருபால் இணையருக்காக ஏறெடுக்கும் சில ஜெபங்கள் மட்டுமே. எங்கள் ஆலயத்தில் அப்படி ஒரு ஜெபம் நடந்த ஞாயிறு, இரண்டு முதியவர்கள் பீடத்தின் முன் அருகருகே முழங்காலிட்டார்கள், குருவானவர் ஜெபித்தார், பிறகு வழக்கம்போல் காணிக்கைப் பாடல் தொடங்கியது. இதைவிட அதிகம் வேண்டும் என்று காத்திருப்பவர்கள் எங்களிடையே உண்டு, நானும் அவர்களில் ஒருவன்.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான இன்னொரு செய்தியும் உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது, பிஷப்பின் கையால் அபிஷேகம் பெறாத ஊழியர்களையும் அது ஏற்றுக்கொண்டது என்பதற்காக இங்கிலாந்தின் ஆங்கிலோ-கத்தோலிக்கர் பலர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தத் தென்னிந்தியத் திருச்சபைதான் 2013 செப்டம்பரில் ஆந்திராவின் நந்தியால் பேராயத்துக்கு புஷ்பலலிதா அம்மையாரை பிஷப்பாக அபிஷேகம் செய்தது. இங்கிலாந்தில் முதல் பெண் பிஷப்பாக லிபி லேன் அபிஷேகம் பெற்றது 2015 ஜனவரி 26 அன்றுதான். செவிலியராக இருந்து லண்டன் பிஷப் ஆன சாரா முல்லல்லி, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவான கான்டர்பரி பேராயராக நியமிக்கப்படுகிறார் என்ற அறிவிப்பு வந்தது 2025 அக்டோபரில். பெண்களின் ஊழியத்தை மேல்நாட்டார் நம்மீது திணிக்கும் வழக்கம் என்று கட்டுரையாளர் சொல்வது நம் சபையின் வரலாற்றுக்கே பொருந்தவில்லை.

சேகரம் என்ற அமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே சேகரம் என்பது முதலில் ஒரு நிலப்பரப்பு. அதன் எல்லைக்குள் குடியிருக்கும் எவரும், ஆலயத்துக்கு வராதவராயினும், குருவானவரின் பொறுப்பில் உள்ளவரே. ஆலயக் கண்காணிப்பாளர் இருவரைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுக் கூட்டத்தில், அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள யாரும் வந்து வாக்களிக்கலாம். நம் ஊரில், சபைக்குச் செலுத்தும் சங்கக் காணிக்கை பாக்கி இல்லாதவருக்கே ஓட்டு என்ற ஏற்பாட்டில் வளர்ந்த எனக்கு இது முதலில் வியப்பாக இருந்தது. எங்கள் தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் வங்காளதேச முஸ்லிம் பெரியவர் ஒருமுறை அந்தக் கூட்டத்துக்கு வந்து, இரவில் ஆலய முற்றத்து விளக்கை அணைக்காதீர்கள், பெண்கள் அந்த வழியாகத்தான் வேலை முடிந்து வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து விளக்கு இரவு முழுவதும் எரிகிறது.

ஆகவே ஐயா, கட்டுரையாளரின் பிழைக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மேலும், தங்கள் நாளிதழின் திருச்சபைச் செய்திகள் பகுதியில் வெளிநாட்டுச் சபைகளைப் பற்றி வருபவை பெரும்பாலும் வழக்குகளும் பிளவுகளுமாகவே இருக்கின்றன. அவற்றை மறைக்கச் சொல்லவில்லை. சேகர வாழ்க்கையின் சாதாரணச் செய்திகளுக்கும் அவ்வப்போது சில வரிகள் ஒதுக்க வேண்டுகிறேன். இந்த வாரம் எங்கள் சேகரச் செய்தித் தாளில் வந்தவை இவை: உணவு வங்கிக்குப் பால் மாவும் டின்னில் அடைத்த மீனும் தேவை, ஒரு திருமண ஓலை, அதாவது திருமணத்துக்கான முன்னறிவிப்பு, இரண்டாம் முறையாக வாசிக்கப்படுகிறது, கூரை ஒழுகும் வடக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம், வியாழன் மாலை, தெருவில் இறந்துபோன, பெயர் மட்டுமே தெரிந்த ஒருவருக்காக, தூபத்தோடும் முழுப் பாடகர் குழுவோடும் மரித்தோர் திருப்பலி. இத்தகைய தாள்களைத் தமிழில் எழுதித் தங்களுக்கு மாதந்தோறும் அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு நெடுநாள் வாசகர்,
கிழக்கு லண்டன்.