கோமாட்டிக்குப் போய் வந்தேன்

லெனேசியா, ஜொகானஸ்பர்க்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்தது. மகளுக்குக் கல்யாணம் குதிர்ந்த சேதியைப் படித்துக் காட்டினேன், வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். தேதி முடிவானதும் எழுது, டிக்கெட் எடுக்க வேண்டும்.

நிலக்கரிக்கு வரி போட்டால் புகை குறைந்துவிடுமா என்று கேட்டிருந்தாய். போன மாதம் கோமாட்டிக்குப் போய் வந்ததிலிருந்து எனக்கும் அதே நினைப்புதான். இங்கே தென்னாப்பிரிக்காவில் 1961இல் தொடங்கிய நிலக்கரி அனல்மின் நிலையம் அது. கடைசி யூனிட்டை 2022 அக்டோபர் 31 அன்று நிறுத்தினார்கள். அந்த இடத்தில் சூரிய மின்சாரம், காற்றாலை, பேட்டரி எல்லாம் கொண்டுவர உலக வங்கி 49.7 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் மாற்று வேலை வருவதற்கு முன்பே கொதிகலன் அணைந்துவிட்டது.

வாசலுக்கு எதிரே ஓர் அம்மா மக்வின்யா விற்கிறார். எண்ணெயில் பொரித்த மாவுருண்டை, நம்மூர் போண்டா மாதிரி. ஷிஃப்ட் ஓடிய காலத்தில் விடியுமுன் இரண்டு வாளி மாவு பிசைவாராம். "இப்போது அரை வாளி பிசைந்தாலே மிஞ்சுகிறது" என்று வாளியைச் சாய்த்துக் காட்டினார். நெய்வேலியில் நைட் ஷிஃப்ட் முடிந்து நாம் டீ குடித்த கடை கண்முன் வந்து நின்றது. அன்றிரவு தூக்கமே இல்லை.

கார்பன் வரி இங்கே 2019 ஜூன் 1இல் வந்தது. வெளியேற்றும் கரியமில வாயு ஒரு டன்னுக்கு 120 ரேண்ட் என்றார்கள். விலக்கே 60 முதல் 95 சதவீதம் வரை போய்விட்டதால், பலர் கட்டியது 6 முதல் 48 ரேண்ட்தான். மின்கட்டணம் ஏறக் கூடாது என்று முதல் கட்டத்தில் அரசு மின்நிறுவனமான எஸ்காமுக்குத் தனிச் சலுகை வேறு. நாட்டின் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியில் எடுக்கிறார்கள், அதிகப் புகை விடுவதும் அந்த நிறுவனம்தான். அதன் மேல் படாத வரி எப்படிப் புகையைக் குறைக்கும்? வசூலாகிற பணமும் பொதுக் கருவூலத்தில் கலந்துவிடுகிறது. வரி வேண்டும், இன்னும் கூடவே வேண்டும் என்பேன். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு கோமாட்டி மாதிரி ஊர்களுக்கென்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

நம் நாட்டிலும் இதே கதைதானே? 2010இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய நிலக்கரி செஸ் என்ற கூடுதல் வரி 2016இல் 400 ஆனது. தூய எரிசக்திக்கென்று வாங்கியதை, 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கத் திருப்பிவிட்டார்கள்.

2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது நானும் மாடியில் சோலார் பேனல் போட்டேன். பேனல் செலவில் கால்பங்கு, அதிகபட்சம் 15,000 ரேண்ட் வரை, வருமான வரியில் கழித்தார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு அந்தச் சலுகையால் ஒரு காசு பயனில்லை. வருமான வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் இருந்தால்தானே? பிரீபெய்ட் மீட்டருக்கு ஐம்பது ஐம்பது ரேண்டாகப் போட்டு ஓட்டுகிறார். வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராகப் பொது மின்கம்பியை விட்டு விலகினால், அந்தக் கம்பியைப் பராமரிக்கும் செலவு கடைசியில் அவர் மீட்டரில்தான் ஏறும். எனக்கு அது உறுத்துகிறது.

நெய்வேலிச் சுரங்கமும் ஒருநாள் மூடத்தான் போகிறது. கான்ட்ராக்ட் ஆட்கள் அதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள், யூனியனில் யாராவது இப்போதே கேட்கிறார்களா? விசாரித்து எழுது. அந்த டீக்கடை இன்னும் இருக்கிறதா என்றும் பார்.

உன்,
பழைய ஷிஃப்ட் கூட்டாளி