எங்கள் பிள்ளைகளுக்கு யோசிக்கத் தெரியாதா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னி மாணவரிடம் படைப்பாற்றல் குறைவு, ஆகவே பிரச்சினை என்று வந்தால் திணறிப்போகிறார்கள் என்று ஒருவர் கருத்தரங்கில் பேசியதைக் கடந்த ஞாயிறு கல்விப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். மறுத்து ஒரு வரிகூட இல்லை. இந்தப் பகுதிப் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். மனம் நொந்து எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் போரின்போது அரசாங்கம் வடக்கில் போட்ட பொருளாதாரத் தடையை நீங்கள் அறியாதவர் அல்ல. பெற்றோல், பற்றரி, மெழுகுதிரி எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் திரியும் வைத்து எங்கள் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். தடைதான் எங்களுக்கு மூளையைத் தந்தது என்று மேடையில் புகழ்வோரையும் என்னால் ஏற்க முடியாது. விளக்குச் சரிந்து சுட்டுக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் அன்று விடையை எழுதிக் கையில் தர ஒருவரும் இல்லை. அதனால் யோசித்தார்கள்.

ஜெர்மன் உளவியலாளர் கார்ல் டங்கரின் மெழுகுதிரிச் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மெழுகுதிரி, தீக்குச்சி, ஒரு பெட்டி நிறையக் குத்தூசி. மேசையில் மெழுகு சிந்தாமல் மெழுகுதிரியைச் சுவரில் பொருத்த வேண்டும். ஊசி நிறைந்த பெட்டியைப் பார்த்த பலருக்கு, அதையே சுவரில் குத்தித் தட்டாக்கலாம் என்று தோன்றவில்லை. ஊசியை வெளியே வைத்து வெறும் பெட்டியாகக் கொடுத்தபோது கூடுதலானோருக்குத் தோன்றியது. வகுப்பில் இதைக் கேட்டேன். “ஊசியைக் கொட்டிப்போட்டுப் பெட்டியை எடுங்கோ ரீச்சர்” என்றாள் பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை. ஜாம் போத்தலை விளக்காகப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

பிறகு ஒரு விஞ்ஞானக் கண்காட்சி. என் மாணவன் ஒருவன், வயல் வரம்பில் கட்டிய கம்பியை யானை தட்டினால் காவல் கொட்டிலில் மணி அடிக்கும்படி செய்து கொண்டுபோனான். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று நடுவர் கேட்டார். புத்தகத்தில் இல்லை என்றான். பரிசு ரெஜிபோமில் வர்ணம் பூசிய எரிமலைக்குப் போனது. அதன் பிறகு அவன் எதையும் செய்து கொண்டுவரவில்லை. இப்படிச் செய்துவிட்டுப் படைப்பாற்றல் இல்லை என்கிறீர்களே!

உங்கள் மாணவர் பக்கமும் வாரம் தவறாமல் மாதிரி வினாத்தாளும் விடையுமாகத்தான் வருகிறது. எங்களைப் பற்றி வெள்ளத்துக்கும் யானைக்கும்தான் எழுதுகிறீர்கள். ஒருமுறை முத்தையன்கட்டுக் குளத்தின் படத்தைப் போட்டு இரணைமடு என்று எழுதினீர்கள். திருத்தம் கேட்டு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

நான் கேட்பது அந்தப் பக்கத்தில் ஒரு மூலை. மாதத்தில் ஒரு வாரமாவது ஊர்ப் பிரச்சினை ஒன்றைப் போடுங்கள். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்று அறிந்து மின்வேலிக் கம்பியை அறுக்கிற யானையை எப்படித் தடுப்பது என்பதிலிருந்தே தொடங்கலாம். விடையை நீங்கள் போட வேண்டாம். பிள்ளைகள் எழுதி அனுப்புவதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஒட்டுசுட்டான்.