வூனோனாவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

போன ஞாயிறு போனில் “கடல் பக்கத்துலயா வீடு பாத்திருக்கீங்க?” என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாய். அதற்குப் பிறகு இரண்டு தடவை பேசிவிட்டோம், அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. நீ திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் என்றால் முழுதும் படிப்பாய், பாதியில் எழுந்து போக மாட்டாய்.

வேலைக்கு இரண்டு இடத்திலிருந்து உத்தரவு வந்தது உனக்குத் தெரியும். ஒன்று சிட்னியின் மேற்குப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இன்னொன்று வுலங்காங்கில். அரசு ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு இந்த மாநிலம் முழுக்க ஒரே சம்பள அட்டவணைதான், அதனால் பணத்தைப் பார்த்து முடிவு செய்ய வழியில்லை. சிட்னியில் 50 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். வுலங்காங்கில் சுமார் 3 லட்சம். இரண்டுக்கும் நடுவே 80 கிலோமீட்டர், நாகையிலிருந்து தஞ்சாவூர் போகிற தூரம்தான். நாங்கள் வந்திருக்கிற வூனோனா, வுலங்காங்குக்குக் கொஞ்சம் வடக்கே, கடலை ஒட்டிய சின்ன ஊர்.

முதல் ஆறு மாதம் சிட்னியில் வென்ட்வொர்த்வில்லில் இருந்தோம் இல்லையா, அதைப் பற்றி உனக்குக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. எல்லோரும் செல்லமாக ‘வென்டி’ என்பார்கள். ஸ்டேஷனை விட்டு இறங்கினாலே தமிழ்ப் பேச்சு. பொன்னி அரிசி, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் நடக்கிற தூரத்தில். மேஸ் ஹில் முருகன் கோயில் பக்கம்தான், வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போய் அர்ச்சனை செய்துவிட்டு வரலாம். பாப்பாவுக்கு வார இறுதியில் தமிழ் வகுப்பு. எதிர்வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், எனக்கு இரவு ஷிப்ட் என்று தெரிந்தால் இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்து கதவைத் தட்டுவார். நாங்கள் வீடு மாறப் போகிறோம் என்றதும் அவரும் உன்னைப் போலத்தான் கேட்டார். “அங்க போய்த் தனிய என்ன செய்யப் போறீங்கள் பிள்ளை?” என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

ஆனால் அம்மா, அந்த நாலாவது மாடி ஃபிளாட்டில் எங்களுக்கு மூச்சு முட்டியது. சிட்னியில் கடல் கிழக்கே இருக்கிறது, நாங்கள் இருந்தது மேற்கே. கடல் காற்று அங்கே வந்து சேர்வதற்குள் வெயில் அதைத் தின்றுவிடும். நாங்கள் வருவதற்கு முன்னால், 2020 ஜனவரி 4-ஆம் தேதி, இன்னும் மேற்கே இருக்கிற பென்ரித்தில் 48.9 டிகிரி அடித்ததாம். நாங்கள் இருந்தபோதே ஜனவரியில் ஒரு நாள் 40-ஐத் தாண்டியது. பாப்பா ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு குளியலறைத் தரையில் படுத்திருந்தாள். நீ சொல்வாயே, நம் ஊர் வெயில் சுட்டாலும் மூணு மணிக்குக் கடல் காத்து எறங்கிடும் என்று. அந்த மூணு மணிக் காற்றுக்கு நான் எவ்வளவு பழகியிருந்தேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. அங்கே எல்லோரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். நானும் அவரும் பாப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது வாரத்தில் ஒரு நாள் இருந்தால் அதிகம்.

வூனோனா வீட்டை மே மாதம் பார்க்க வந்தோம். இங்கே வீடு பார்ப்பது நம் ஊர் மாதிரி இல்லை. சனிக்கிழமை கால் மணி நேரம் கதவைத் திறந்து வைப்பார்கள். இருபது குடும்பம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையாகப் பார்க்கும். பிறகு விண்ணப்பம், சம்பளச் சீட்டு, முன்னால் இருந்த வீட்டுக்காரர் கொடுத்த நற்சான்று எல்லாம் அனுப்ப வேண்டும். நான்கு வார வாடகைதான் முன்பணம், அதையும் வீட்டுக்காரர் கையில் கொடுப்பதில்லை, அரசாங்கத்தில் கட்டி வைக்கிறோம். வாடகையை வாரக் கணக்கில்தான் பேசுகிறார்கள். வென்டியில் கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனால் இது தனி வீடு, பின்னால் தோட்டம்.

வீடு பார்த்த பிறகு, பாப்பாவை அவரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் கடற்கரைக்கு நடந்தேன். இதை உன்னிடம் நான் சொல்லவில்லை.

உனக்குத் தெரியும், 2004-க்குப் பிறகு நம் ஊர்க் கடற்கரைக்கு நான் போனதே இல்லை. அப்போது எனக்கு 11 வயது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கீச்சாங்குப்பத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் அக்காவுக்காக நீ மண்சட்டியைக் கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைத்திருந்தாய். நம் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, ஆட்கள்தான் ஓடி வந்தார்கள். அந்த அக்கா வரவே இல்லை. நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள் என்று பின்னால் கணக்கு வந்தது. எனக்கு அந்தக் கணக்கு மனதில் தங்கவில்லை, அந்தச் சட்டிதான் தங்கியது. நீ அதை ரொம்ப நாள் திண்ணையிலிருந்து எடுக்கவில்லை. வீட்டில் மாதக்கணக்கில் மீன் வாங்கவில்லை. சென்னையில் படித்த நாலு வருஷமும் தோழிகள் மெரினாவுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்று படுத்துக்கொள்வேன்.

அப்படிப்பட்ட நான் இங்கே மணலில் போய் நின்றேன். கால் நடுங்கியது. பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை வீட்டுச் சாவியை வாங்க வந்தபோது மறுபடியும் போனேன், கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றேன். அங்கேயும் சூரியன் கடலிலிருந்துதான் எழுகிறது, நம் ஊரைப் போலவே. எனக்கு அந்த வெளிச்சம் வேண்டியிருந்தது அம்மா. என் சின்ன வயதில் பாதி அதில்தான் இருக்கிறது. அதைப் பயத்துக்கே விட்டுக்கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

நீ பயப்படாதே என்று நான் சொல்லப் போவதில்லை. நான் விசாரித்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, கடற்கரையிலிருந்து நன்றாக ஏறி வரவேண்டும். அந்தச் சுனாமிக்குப் பிறகு இந்த நாட்டிலும் எச்சரிக்கை மையம் ஒன்று அமைத்திருக்கிறார்கள், இரவும் பகலும் ஆள் உண்டு. நம் நாட்டுக்கு ஹைதராபாதில் 2007 முதல் இருக்கிறதே, அது மாதிரி. 2022 ஜனவரியில் டோங்கா தீவுப் பக்கம் எரிமலை வெடித்தபோது, இந்தக் கரை முழுக்கத் தண்ணீரில் இறங்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிக் கடற்கரைகளை மூடினார்கள் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். நமக்கு அன்றைக்கு அப்படிச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் என்று நினைத்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இங்கே கடலில் நிஜமாகவே கவனமாக இருக்க வேண்டியது வேறொன்று. அலையாகக் கரைக்கு வந்த தண்ணீர் ஓரிடத்தில் சேர்ந்து உள்ளே இழுக்கும். மேலே பார்த்தால் அமைதியாகத்தான் தெரியும், புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் போய் இறங்குவார்கள். அதனால் செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டு, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் குளிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வார இறுதியில் காவல் நிற்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். ஐந்து வயதிலிருந்தே பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எந்த அலையில் இறங்கலாம், இழுத்தால் பதறாமல் கையைத் தூக்கி எப்படி உதவி கேட்பது, இதெல்லாம். அக்டோபரில் தொடங்கும். பாப்பாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டோம். அவள் என்னைப் போல வளர வேண்டாம். கடலைத் தெரிந்துகொண்டு வளரட்டும்.

அதுவரை பாறைக் குளம் இருக்கிறது. கடலோரப் பாறையை ஒட்டிச் சுவர் கட்டியிருக்கிறார்கள், ஓதம் ஏறும்போது கடல் தண்ணீர் உள்ளே வந்து நிரம்பும். காசு கிடையாது. பாப்பா அதில் இடுப்பளவு நிற்கிறாள். நான் முழங்கால்வரை.

ஊருக்குப் பின்னால் நெடுக மலை. கடலுக்கும் மலைக்கும் நடுவில் ஒரு நீளமான துண்டு நிலம், அதில்தான் ஊர், ரயில், எல்லாம். சாயங்காலம் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். காற்றுதான் எனக்கு முதலில் புரியவில்லை. நமக்குத் தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை. இங்கே பூமியே தலைகீழ், தெற்கே பனிக்கண்டம். வெயில் கொளுத்துகிற நாளில் திடீரென்று தெற்கிலிருந்து ஒரு காற்று கிளம்பும், சில நிமிஷத்திலேயே பத்து டிகிரி இறங்கிவிடும், கொடியில் காயும் துணி எல்லாம் பறக்கும். இங்கே தென்றல்தான் வாடை.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறைத்தேன் என்பாய். அவருக்கு வாரம் இரண்டு நாள் சிட்னி ஆபீஸ். காரைப் பக்கத்து ஊர் திரூல் ஸ்டேஷனில் விட்டுவிட்டு, அங்கிருந்து ஒன்றேகால் மணி நேர ரயில். பாதி வழி காடு, குகை, அப்புறம் திடீரென்று கடல். போகும்போது ரசிக்கலாம், இரவு எட்டு மணிக்குத் திரும்பும்போது ரசிக்க முடியாது. பெரிய மழை பெய்தால் தண்டவாளத்தில் மண் சரியும், பஸ்ஸில் ஏற்றி விடுவார்கள். எனக்கு ஆஸ்பத்திரி இருபது நிமிஷம்தான், அதனால் பாப்பாவின் பள்ளிக்கூடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தெருவில் தமிழ் பேச ஆள் இல்லை. அது பெரிய குறைதான், சின்னதாக்கிச் சொல்ல மாட்டேன். பாப்பா வீட்டிலும் இங்கிலீஷில் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மாதம் இரண்டு சனிக்கிழமை வென்டிக்குப் போய் வகுப்பில் விட்டு, அரிசி பருப்பு வாங்கிக்கொண்டு, அந்த யாழ்ப்பாணத்து அம்மாவையும் பார்த்துவிட்டு வருகிறோம். மற்ற நாளில் நீ போனில் அவளுக்குக் கதை சொல்ல வேண்டும். வேறு வழியில்லை. கறிவேப்பிலைக் கன்று ஒன்று தொட்டியில் வைத்திருக்கிறேன், குளிரில் இலை கொட்டிவிட்டது, இப்போது துளிர் தெரிகிறது. மத்தி மீனை இங்கே உறைய வைத்துத் தூண்டிலுக்கு இரையாக விற்கிறார்கள். நம் வீட்டுக் குழம்பை நினைத்து எனக்கு அழுகையே வந்தது.

கோயிலுக்கு மட்டும் குறைவில்லை. ஹெலன்ஸ்பர்க்கில் 1985 முதல் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது, சுற்றிலும் மரங்கள், காரில் அரை மணி நேரத்துக்குள். சிட்னிக்காரர்கள் அங்கிருந்து வருகிறார்கள், எங்களுக்கு அவர்களைவிடப் பக்கம். போன புரட்டாசியில் நீ சௌந்தரராஜப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டதை இந்தப் புரட்டாசியில் நான் இங்கே செலுத்திவிடுகிறேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். பக்கத்தில் புல்லாய் (Bulli) என்ற ஊரின் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. 1887-இல் அங்கே நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 81 பேர் செத்துப்போனார்கள், சிறுவர்களும் அதில் உண்டு. அத்தனை வீட்டில் ஒரே நாளில் சாவு. அதற்குப் பிறகும் அந்த ஊரில் ஆட்கள் இருந்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்தத் தூணைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்தான் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு ஊரை விட்டுப் போகாமல் இருந்தவர்களில் நீயும் ஒருத்தி.

நீயும் அப்பாவும் நவம்பரில் வாருங்கள். குளிர் போயிருக்கும், வெயில் ஏறியிருக்காது. கறிவேப்பிலை, விதை எதுவும் எடுத்து வராதே, விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். பொடி, வடகம் எது கொண்டுவந்தாலும் ஃபாரத்தில் எழுதிவிடு, அப்பாவிடம் சொல்லி வை.

கடற்கரைக்கு உன்னைக் கூப்பிட மாட்டேன். நீயாக வந்தால் வா. வீட்டில் படுக்க இரண்டு அறை. எங்கள் அறையில் ஜன்னலோரம் நின்றால் இரண்டு கூரைக்கு நடுவே கடல் கொஞ்சம் தெரியும். உனக்கு ஒதுக்கியிருப்பது மேற்குப் பக்கத்து அறை. அதிலிருந்து மலையும் பக்கத்து வீட்டு எலுமிச்சை மரமும்தான் தெரியும். போன வாரம் ஓர் இரவு நான் அந்த அறையில் படுத்துப் பார்த்தேன், அலைச் சத்தம் வருகிறதா என்று. ஜன்னலைச் சாத்தினால் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் மகள்