மலையின் மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சார காரின் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், குறைகிறது என்று சொன்னால், நீலகிரிக்காரர்களுக்குச் சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "மலையில் அப்படித்தான் சார் இருக்கும்." இது பாதி உண்மை. மீதியை யூனிட் கணக்கில் அளந்தால்தான் பிடிபடும். ஏற்ற இறக்கத்தில் கிலோமீட்டர் கணக்கு உதவாது.

ஆட்களோடு 1,700 கிலோ வரும் காரை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு, ஏறத்தாழ 1,900 மீட்டர் தூக்குவதற்கு மட்டுமே 8.8 யூனிட் வேண்டும். 30 யூனிட் பேட்டரியில் கால்வாசிக்கு மேல் அதிலேயே போயிற்று. மேலே வந்ததும் திரை காட்டும் ரேஞ்ச் அந்த ஏற்றத்தை வைத்துப் போட்ட கணக்கு, பதற வேண்டாம். உறைபனிக் காலையில் குறைவதும் வெயில் ஏறினால் சரியாகிவிடும்.

பேட்டரி தேய்ந்திருக்கிறதா என்று சோதிக்க ஏப்ரல், மே நல்லது. முதலில் 100% வரை ஸ்லோ சார்ஜ் செய்து, இரண்டு மூன்று மணி நேரம் பிளக்கிலேயே விடுங்கள். பிறகு 10% வரை ஓட்டிவிட்டு, 15 ஆம்பியர் பிளக்குக்கு முன்னால் ஒரு சப்-மீட்டர் வைத்து மறுபடி நிரப்புங்கள். வீட்டு மீட்டரையே நம்புவதானால் கீசரையும் ரூம் ஹீட்டரையும் அணைத்துவிட வேண்டும். நம் ஊரில் கணக்கைக் கெடுப்பவை அவைதான். மீட்டரில் ஓடுவதில் சுமார் 10% சார்ஜ் ஆகும்போதே வெப்பமாகப் போய்விடும். நல்ல 30 யூனிட் பேட்டரிக்கு மீட்டர் 30ஐ ஒட்டி ஓடும். 24தான் ஓடியது என்றால் உள்ளே போனது 21.6. அது 90 சதவீதத்துக்கான அளவு, முழுதுக்கும் 24. ஆக, மிஞ்சியிருப்பது 80%.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியில் இன்னொரு சிக்கல். எப்போதும் 80 சதவீதத்திலேயே நிறுத்தினால் திரையின் கணக்கு மெல்ல வழுக்கும்; 20% காட்டிக்கொண்டிருந்த கார் பர்லியாறு ஏற்றத்தில் திடீரென 5 என்று காட்டும். வாரம் ஒருமுறை 100% நிரப்பினால் தீரும்.

அப்படியும் தீராவிட்டால், பேட்டரிக்குள் வரிசையாக இருக்கும் சிறு மின்கலங்களான செல்களில் ஏதோ ஒன்றில் கோளாறு இருக்கலாம். காரின் உள் விவரங்களைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி செல் வோல்டேஜைப் பாருங்கள். நிற்கும்போது செல்களுக்கிடையே 20, 30 மில்லிவோல்ட் வித்தியாசம் சகஜம். ஏற்றத்தில் அழுத்தும்போது அது நூற்றைம்பதைத் தாண்டி, ஒவ்வொரு முறையும் அதே எண்ணுள்ள செல்லின் வோல்டேஜே கீழே விழுந்தால், மொத்த பேக்கையும் இழுத்து நிறுத்துவது அந்த ஒன்றுதான். ரீசெட் செய்தால் திரையில் எண் மாறும், செல் மாறாது.

நாமே கெடுப்பதும் உண்டு. பனி விறைத்த விடியலில், பேட்டரி சூடாகாமல், ஃபாஸ்ட் சார்ஜரில் போடுவது மோசம். லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், படிந்ததில் ஒரு பகுதி திரும்பாது. முழுக்க நிரப்பிய காரை நாள்கணக்கில் ஷெட்டில் நிறுத்துவதும் பேட்டரியை முதுமையாக்கும். 100 சதவீதத்தோடு மலை இறங்கினாலோ, பிரேக்கில் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க பேட்டரியில் இடமிருக்காது, 80% போதும்.

பல கார்களுக்கு வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் பேட்டரி மாற்றித் தருவார்கள் என்பதை வாரண்டிப் புத்தகத்தில் தேடிப் படியுங்கள். ஓடோமீட்டர், தேதி, மீட்டர் அளவு, செல் வோல்டேஜ் எல்லாவற்றையும் படமெடுத்து, புகாரை எழுத்தில் கொடுத்து ஜாப் கார்டு எண் வாங்குங்கள். பேட்டரியின் மீதக் கொள்ளளவைச் சதவீதத்தில் ஒவ்வொரு சர்வீஸ் ரசீதிலும் அச்சிட்டுத் தரும்படி கார் நிறுவனங்களை அரசு கட்டாயப்படுத்த வேண்டும்.

— ஒரு வாசகர், கோத்தகிரி