மயில் மீனின் வேகம்: 110 என்ற எண்ணைக் கைவிடுக

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில், பாய்போல் விரியும் முதுகுத் துடுப்புடைய கடல்மீனான மயில் மீன் (sailfish) மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும் என்று அச்சிடப்பட்டிருந்தது. பொது அறிவு நூல்கள் பலவற்றிலும் இதே எண் இருப்பதால், எங்கள் கோபி, ஈரோடு வட்டாரப் பிள்ளைகள் வினாடி வினாவுக்காக இதனை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் இந்த எண் நம்பத்தக்கதன்று.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவின் புளோரிடாவில் தூண்டிலில் சிக்கிய மயில் மீன் ஒன்று 3 வினாடியில் 100 கெஜம் (ஏறத்தாழ 91 மீட்டர்) தூண்டில் நரம்பை இழுத்துச் சென்றதாகக் கூறப்பட்டதிலிருந்து வந்த கணக்கு இது. முள் குத்திய மீன் நீருக்கு மேலே துள்ளித் துள்ளி ஓடும்போது உருளையிலிருந்து நரம்பு கழலும் வேகத்தை அதன் நீச்சல் வேகமாகக் கொள்ள இயலாது. தசை எவ்வளவு விரைவாகச் சுருங்கும் என்பதை அளந்து 2016-இல் வெளியான ஆய்வு, மயில் மீனின் உச்ச வேகத்தை வினாடிக்கு 8 மீட்டர் சொச்சம், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் மதிப்பிட்டது. அவிநாசிச் சாலையில் மொபெட் போகும் வேகம்தானா என்று பிள்ளைகள் ஏமாறக்கூடும். காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்ந்த நீரில் இது பெரும் வேகமே. அதே ஆய்வில் சீலா மீன் இதற்குப் பின்தங்கியே நின்றது.

வேகத்தைவிட வியப்பானது அதன் வேட்டை. மத்திக் கூட்டத்தைச் சுற்றி வளைக்கும் மயில் மீன்கள் ஒவ்வொன்றாக முன்வந்து, இரை மிரளாதபடி நீண்ட அலகைக் கூட்டத்துக்குள் மெல்ல நுழைத்து, பின் சட்டென்று பக்கவாட்டில் வீசுகின்றன. அலகில் நுண்ணிய பற்கள் இருப்பதால், இரை வாயில் அகப்படாவிட்டாலும் காயம்படுகிறது. தாக்குதல்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான் இரையைப் பிடிப்பதில் முடிகிறது. மற்றவை மத்திகளைக் காயப்படுத்திச் சோர்வடையச் செய்து அடுத்து வரும் மீனுக்கு வழிவிடுகின்றன. மயில் மீனுக்கும், அதன் உறவினமான மார்லின் மீனுக்கும், தனிக் குடும்பமாக வைக்கப்படும் வாள் மீனுக்கும் பொதுவான இன்னொரு சிறப்பும் உண்டு: கண்ணை அசைக்கும் தசைகளுள் ஒன்று வெப்பம் உண்டாக்கும் உறுப்பாக மாறி, கண்ணையும் மூளையையும் சுற்றியுள்ள நீரைவிட வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது. கணவாய்களைத் தேடிப் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் வாள் மீன், அந்தக் குளிரிலும் விரையும் இரையைக் கண்ணால் தொடர்வது இதனால்தான்.

உக்கடம் மீன் சந்தையில் பெருமீன்களைத் துண்டுகளாகவே பார்த்துப் பழகிய கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு, முழு மீனையும் அதன் வாழ்வையும் காட்டக்கூடியது அச்சேறும் எழுத்தும் படமும்தான். எனவே வரும் வார மாணவர் பகுதியிலேயே அந்த எண்ணைத் திருத்தி, அலகின் பயனை விளக்கும் படத்துடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.